வெள்ளைக் குதிரைக்கு எதற்கு இத்தனை சோப்பு?

ஆடி முடிந்து ஆவணி பிறந்தால் போதும், கல்யாண மண்டப வாசல்களில் வெள்ளைக் குதிரைகள் வந்து நிற்க ஆரம்பித்துவிடும். மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் மட்டும் போதாது என்று ஆகிவிட்டது. இருக்கட்டும், குதிரைக்காரர்களுக்கும் நாலு காசு கிடைக்கிறது. ஆனால் அந்தக் குதிரை பால் மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும் என்று நாம் பிடிக்கும் பிடிவாதம், குதிரையின் தோலை உரிக்கிறது. பேச்சுக்காகச் சொல்லவில்லை. உரிந்த தோலுக்கு மருந்து போட்டவன் என்பதால் சொல்கிறேன்.

நான் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது இங்கே வழக்கமாக வந்து படிப்பவர்களுக்குத் தெரியும். சர்வீஸில் பெரும்பகுதி மாடும் ஆடும்தான். ஆனாலும் ஊட்டியிலும் சென்னையிலும் இருந்த வருடங்களில் சவாரிக் குதிரைகளையும் ஊர்வலக் குதிரைகளையும் நிறையப் பார்த்தேன். அவற்றில் தோல் வியாதியோடு வந்தவை பெரும்பாலும் வெள்ளைக் குதிரைகள். அழுக்கால் வந்த வியாதியை விட, அழுக்கை எடுக்கப் போய் வந்த வியாதியே அதிகம்.

வெள்ளைக் குதிரை என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பிறக்கும்போது கறுப்பாகவோ பழுப்பாகவோ இருந்து, வயது ஏற ஏற நரைத்து வெள்ளையாகும் குதிரை. வியன்னாவில் வித்தை காட்டும் புகழ்பெற்ற லிப்பிசானர் குதிரைகள் இந்த வகை. கறுத்த குட்டியாகப் பிறந்து, முழுதாக வெளுக்க ஆறு முதல் பத்து வருடங்கள் ஆகும். முடி வெளுத்தாலும் உள்ளே தோல் கறுப்பாகவே இருக்கும். இன்னொன்று, பிறக்கும்போதே வெள்ளை. முடிக்குக் கீழே தோலும் ரோஸ் நிறம். வடக்கே இதை நுக்ரா என்பார்கள். கல்யாண ஊர்வலங்களில் கிராக்கி இதற்குத்தான். அந்த ரோஸ் தோல் வெயில் தாங்காது. கண்ணைச் சுற்றியும் மூக்கின் மேலும் வெந்து சிவந்துவிடும். இப்படிப்பட்ட தோலைத்தான் நாம் துணி சோப்புப் போட்டுத் தேய்க்கச் சொல்கிறோம்.

துணி சோப்பு என்றதும் சிலர் நம்பமாட்டீர்கள். துணி துவைக்கும் பவுடரை வாளியில் கரைத்து, தென்னை நார் வைத்துத் தேய்ப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். வேட்டிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கடைசித் தண்ணீரில் கலந்து ஊற்றுவதும் உண்டு. அந்த யோசனையில் அடிப்படைத் தப்பு எதுவும் இல்லை. மஞ்சள் கறையை நீலச் சாயல் மறைக்கும். வெளிநாடுகளில் வெள்ளைக் குதிரைக்கென்றே விற்கும் ஊதா நிற ஷாம்புவும் இதே கணக்குத்தான். ஆனால் வேட்டிக்கு உயிர் இல்லை. குதிரையின் தோலில் எண்ணெய்ப் பசை ஊறிக்கொண்டே இருக்கிறது. மழையும் தூசியும் உள்ளே இறங்காமல் காப்பதும், முடிக்குப் பளபளப்புத் தருவதும் அதுதான். தினமும் சோப்புப் போட்டால் அந்தப் பசை போய்விடும். தோல் வறண்டு செதில் செதிலாக எழும்பும். அரிப்பெடுத்துக் குதிரை சுவரில் உரசும். உரசிய இடம் புண்ணாகும். ஊட்டிக் குளிரில் ஈரம் காயாமல் ராத்திரி லாயத்தில் கட்டினால், முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்து பொருக்குத் தட்டும்.

சரி, கறை எங்கிருந்து வருகிறது? யோசித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும். ஒரு நாளில் அரை மணியோ ஒரு மணியோ, அவ்வளவுதான். அந்த நேரத்தில் எதன் மேல் படுக்கிறதோ அதுதான் விலாவிலும் தொடையிலும் பின்னங்கால் மூட்டிலும் ஒட்டுகிறது. குதிரை ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை லத்தி போடும். அதோடு மூத்திரமும் சேர்ந்து தரை நசநசவென்று கிடந்தால் காலையில் மஞ்சள் வரைபடம் இல்லாமல் என்ன செய்யும்? கறையின் மூலம் தரையில் இருக்கிறது. நாம் அதை விட்டுவிட்டுக் குதிரையைத் தேய்க்கிறோம்.

அதனால் என்னிடம் கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொன்னது ஒன்றுதான்: சோப்பு வாங்கும் காசில் வைக்கோல் வாங்குங்கள். தரை சரிவாக இருந்து மூத்திரம் வழிந்தோட வேண்டும். மேலே காய்ந்த வைக்கோலோ மரத்தூளோ தாராளமாகப் போட வேண்டும். லத்தியைக் காலையும் மாலையும் அள்ள வேண்டும். ராத்திரி படுக்கப் போகுமுன் இன்னொரு தடவை அள்ளினால் இன்னும் நல்லது. இதைச் செய்தால் மறுநாள் கறை பாதியாகிவிடும்.

மீதிக்குக் கை வேலை. ஈரக் கறையை அப்போதே தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் அது முடிக்குள் இன்னும் இறங்கும். காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டுக் காய விட வேண்டும். காய்ந்த பின் ரப்பர் சீப்பால் வட்டமாகத் தேய்த்தால் உதிர்ந்துவிடும். பிறகு கெட்டி பிரஷ், முடி படிந்திருக்கும் பக்கமாகவே. அதற்குப் பின் மெத்தென்ற பிரஷ். கடைசியில் ஈரத் துணியால் ஒரு துடைப்பு. பழைய ஆட்கள் வைக்கோலைப் பிரியாக முறுக்கி, அதை வைத்தே தேய்ப்பார்கள். தோலின் எண்ணெய் முடி முழுக்கப் பரவி, தூசி ஒட்டாமல் வழுக்கிப் போகும். வேலை முடிந்து வந்த குதிரையின் வியர்வைக்கு வெறும் தண்ணீரே போதும். குதிரைக்கென்று செய்த மென்மையான ஷாம்பு வேண்டுமானால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை, அதுவும் வெயில் இருக்கும் பகலில். நுரை துளிகூடத் தங்காமல் அலசி, தண்ணீரை வழித்துவிட்டுக் காய வைக்க வேண்டும்.

கையால் தேய்ப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. நரைத்து வெளுத்த குதிரைகளுக்கு வயதானால் தோலில் கறுப்புக் கட்டிகள் வரும். பதினைந்து வயது தாண்டியவற்றில் பத்துக்கு ஏழெட்டுக்கு வரும் என்பது கணக்கு. நரைக்க வைக்கும் மரபணு மாற்றத்தை ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் 2008இல் கண்டுபிடித்தார்கள். அதே மாற்றம்தான் இந்தக் கட்டிகளுக்கும் வழி வைக்கிறது. வாலுக்கு அடியிலும் உதட்டிலும் காதுப் பக்கமும்தான் அதிகம். தினமும் கை படும் குதிரையில் கட்டி சின்னதாக இருக்கும்போதே தெரிந்துவிடும். வாளித் தண்ணீரை விசிறி ஊற்றுகிறவருக்குத் தெரியாது.

பிரான்ஸின் தெற்கே ரோன் ஆறு கடலில் சேரும் சதுப்பு நிலத்தில் கமார்க் என்ற வெள்ளைக் குதிரைகள் மந்தையாகத் திரிகின்றன. அவற்றுக்கு யார் சோப்புப் போடுகிறார்கள்? சேற்றில் புரளும், சேறு காயும், உதிரும். புரள்வது குதிரைக்குக் குறும்பு இல்லை. வியர்வையை உலர்த்தவும் பூச்சிக் கடியிலிருந்து தப்பவும் அதற்குத் தெரிந்த வைத்தியம். மணலில் புரண்டதற்காகக் குதிரைக்கு அடி விழுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

இதையெல்லாம் குதிரைக்காரரிடம் போய்ச் சொல்லலாமே என்பீர்கள். சொல்லியிருக்கிறேன். ஒருவர் பதில் சொன்னார்: "டாக்டர் சார், நீங்க சொல்றது எனக்கும் தெரியும். தொடையில ஒரு மஞ்சக் கறை இருந்தாப் போதும், பொண்ணு வீட்டுக்காரங்க பாதிக் காசுதான் குடுப்பாங்க. நான் என்ன பண்ண?" நான் அவரைப் பார்த்து, "பாய், அது உங்க தப்பு இல்லை" என்றுதான் சொல்ல முடிந்தது. அவருக்குக் கொள்ளு வாங்க அந்தக் காசு வேண்டும். வாடகை பேசுகிறவர்கள் நாம்தான். மாற வேண்டியதும் நாம்தான்.

வீட்டில் கல்யாணம் வைத்து, குதிரை பேசப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. செல்போனில் வரும் போட்டோவை மட்டும் பார்த்துப் பேசாதீர்கள். முடிந்தால் லாயத்துக்கே போங்கள். முதலில் தரையைப் பாருங்கள். பிறகு கழுத்தில் முடியை எதிர்ப்பக்கமாகக் கையால் தடவுங்கள். பொடுகு மாதிரி செதில் உதிர்ந்தால், சேணப் பட்டை இறுக்கும் இடத்தில் முடி போயிருந்தால், கண்ணோரம் வெந்திருந்தால், எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் அந்தக் குதிரை வேண்டாம். ஓய்வு கொடுக்கச் சொல்லுங்கள். தோல் நன்றாக இருந்து, தொடையில் கொஞ்சம் சந்தன நிறம் ஓடியிருந்தால் அதுதான் நல்ல குதிரை. ஊர்வலத்தில் எப்படியும் ஜரிகைத் துணி போர்த்தப் போகிறார்கள், கறை யார் கண்ணில் படப் போகிறது? பேசிய காசில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள்.

வீடியோவில் வெள்ளை கொஞ்சம் குறைந்தால் மாப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது. மறுநாள் அந்தக் குதிரை அரிப்பில்லாமல் நிற்கும்.