அஞ்சிய கால்

உடம்பில் ஓர் உறுப்பு ஊறுபட்டால் அதனைப் பொத்திக் காப்பது மனித இயல்பு. முள் தைத்த பாதத்தை நாம் நிலத்தில் ஊன்றுவதில்லை. தீச்சுட்ட விரலால் எதனையும் தொடுவதில்லை. இவ்வியல்பு நம்மைக் காக்கவே அமைந்தது. ஆயினும், காவல் வேண்டிய காலம் கழிந்த பின்னும் காவல் நீடிக்குமாயின் அதுவே சிறையாகிவிடும். முழங்காற் குருத்தெலும்பு கிழிந்தோர் பலரின் வாழ்வில் நிகழ்வது இதுவே.

கம்பளையைச் சுற்றி வாழும் நமக்கு இஃது அயலார் செய்தியன்று. மேடும் பள்ளமும் நிறைந்த ஊர் நமது. கொழுந்துக் கூடை சுமந்து தேயிலைச் சரிவில் இறங்கும் தாய்க்கும், உதைபந்தாட்டத் திடலில் சட்டெனத் திரும்பும் மாணவனுக்கும், மழையில் நனைந்த படியில் வழுக்கும் முதியவருக்கும் நேரக்கூடிய ஆபத்து ஒன்றே. பாதம் நிலத்தில் ஊன்றியிருக்க, உடல் மட்டும் திரும்பும் அக்கணத்தில், தொடையெலும்புக்கும் கணைக்கால் எலும்புக்கும் இடையே மெத்தைபோற் கிடக்கும் பிறைவடிவக் குருத்தெலும்பு கிழியக்கூடும். ஒவ்வொரு முழங்காலிலும் இத்தகைய பிறைகள் இரண்டு உண்டு. அவற்றின் வெளி விளிம்புக்கே நல்ல குருதியோட்டம் உண்டு. ஆதலின் உட்பகுதியில் ஏற்படும் கிழிவு எளிதில் ஆறுவதில்லை.

கிழிவு சிறிது; அதனைத் தொடர்ந்து வரும் தளர்ச்சியோ பெரிது. மூட்டு வீங்கியதும், தொடையின் முன்புறத்திலுள்ள நாற்றலைத் தசைக்கு நரம்புகள் வழியே ஒரு தடை பிறக்கிறது. மூட்டினுள் நீர்மம் சேர்ந்த அளவிலேயே அத்தசையின் இயக்கம் தடைப்படுவதை 1965ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் சோதித்துக் காட்டினர். ஆகவே, ‘காலை இறுக்க முடியவில்லை’ என்று நோயாளி கூறுவது சோம்பலும் அன்று, நடிப்பும் அன்று.

தசை இயங்காவிடில் மெலியும். மெலிந்த தசை, படியிறங்கும்போது எழும் அதிர்ச்சியைத் தாங்காது. அது மூட்டிற்குச் செல்லும். கால் மடங்கிவிடுமோ என்று மனம் நடுங்கும். நடுங்கிய மனம் நடையைக் குறைக்கும். குறைந்த நடையால் தசை மேலும் மெலியும். செக்கைச் சுற்றும் மாடுபோல் இவ்வாறு சுற்றிச் சுற்றி வருவோர் எத்தனை பேர்! இவ்வச்சத்திற்கு 1990இல் மருத்துவ அறிஞர் தனிப்பெயரே சூட்டினர். தமிழில் அதனை ‘இயக்க அச்சம்’ எனலாம்.

இவ்வச்சத்தை வளர்ப்பதில் நம் இல்லங்களின் அன்புக்கும் பங்குண்டு. ‘எழும்பாதே தம்பி, நான் எடுத்துத் தருகிறேன்’ என்று தாய் கூறுவாள். ‘இனி விளையாட்டே வேண்டாம்’ என்று தந்தை முடிவு செய்வார். பரிவு மிக்க சொற்கள்தாம். ஆயினும், ‘உன் கால் இனி உதவாது’ என்னும் செய்தியையே அவை பிள்ளையின் உள்ளத்தில் பதிக்கின்றன. எலும்பு முனைகளைப் போர்த்தியுள்ள வழுவழுப்பான குருத்தெலும்பிலோ இரத்தக் குழாய்களே இல்லை. கடற்பஞ்சை அழுத்தி விடுவதுபோல், பாரம் ஏறி இறங்கும்போதுதான் மூட்டுநீரிலிருந்து அது ஊட்டம் பெறுகிறது. அசையா மூட்டு பட்டினி கிடக்கும் மூட்டு என்பதை நாம் மறத்தலாகாது.

இச்சுழலை உடைக்க ஒரு வழியைக் காட்டியவர் தாமஸ் டிலோர்ம் என்னும் அமெரிக்க வைத்தியர். இரண்டாம் உலகப் போரின்போது சிகாகோ நகரின் படைமருத்துவமனையில், காயமுற்ற போர்வீரரின் மெலிந்த தொடைகளுக்கு ஓய்வையோ மிக இலேசான அசைவையோ மட்டும் அவர் விதிக்கவில்லை. பாதத்தில் இரும்புக் காலணி பூட்டி, அதில் எடையை வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டினார். 1945இல் அம்முறையை உலகறிய வெளியிட்டார். பின்னர் 1948இல் அதனை எளிமையாக்கி, முதற்பத்து முறை அரைச்சுமை, அடுத்த பத்து முக்காற்சுமை, இறுதிப்பத்து முழுச்சுமை என வகுத்தார். அளவாகத் தொடங்கி ஒழுங்காகக் கூட்டுதல் என்பதே அதன் சாரம்.

அளவறிதலுக்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. வேகப்பந்து வீச்சாளர் லசித் மாலிங்க 2008இல் முழங்கால் ஊறுபட்டு நெடுநாள் ஆடாதிருந்தார். வலது முழங்காலின் தேய்வு காரணமாக 2011இல் டெஸ்ட் பந்தயங்களிலிருந்து விலகினார். ஐந்து நாட் சுமையைக் கைவிட்டாரேயன்றி ஆட்டத்தைக் கைவிட்டாரல்லர். 2019 செப்டெம்பர் 6ஆம் நாள், நம் கண்டிக்கு அண்மையிலுள்ள பல்லேகலையில், நியூசிலாந்து அணிக்கு எதிராக நான்கு பந்துகளில் நான்கு விக்கெட்டுகளை வீழ்த்தினார். அப்போது அவருக்கு வயது 36.

நாம் செய்யக்கூடியது யாது? வைத்தியரோ இயன்மருத்துவரோ ஒப்புதல் தந்தபின், காலை நீட்டி அமர்ந்து, முழங்காலின்கீழ் சுருட்டிய துவாயை வைத்து, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி விடலாம். பின்னர் நாற்காலியிலிருந்து கையூன்றாது எழுந்து அமரப் பழகலாம். அதன்பின் வீட்டு வாசற்படி ஒன்று. படியேறும்போது நலமான கால் முந்துக. இறங்கும்போது நொந்த கால் முந்துக. அம்புலுவாவைக் கோபுரத்தின் வளைபடிகள் எங்கும் போய்விடா, அவை காத்திருக்கட்டும்!

பயிற்சியின்போது தோன்றும் சிறு நோவு அழிவின் அறிகுறியன்று. மறுநாட் காலை அது தணிந்திருப்பின் தொடர்க. நோவு மிகுந்தோ மூட்டு வீங்கியோ இருப்பின் அளவைக் குறைக்க. ஆனால் முழங்கால் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாது போயினும், பாரம் தாங்காது மடங்கினும், வீக்கத்தோடு காய்ச்சல் தோன்றினும், கெண்டைக்கால் வீங்கி நொந்தாலும் தாமதியாது வைத்தியசாலையை நாடுக.

பெற்றோரே! ஊறுபட்ட பிள்ளைக்குத் தண்ணீர்க் குவளையைக் கொண்டுபோய்க் கொடுப்பது அன்பு. வைத்தியர் நடக்கலாம் என்று கூறிய பின், அக்குவளையை அடுக்களையிலேயே வைத்து, அவன் எழுந்து வந்து எடுக்கும்வரை அருகில் நிற்பது அதனினும் பெரிய அன்பு.