புரளிதானே என்று விடுவதா?

2024 பிப்ரவரி 8ஆம் நாள். சென்னையில் 13 தனியார் பள்ளிகளுக்கு, வெடிகுண்டு வைத்திருப்பதாக மின்னஞ்சல் வந்தது. காவலர் ஓடினர், மோப்ப நாய் ஓடிற்று, பெற்றவர்கள் ஓடினர். தேடினார்கள், துருவினார்கள், குண்டும் இல்லை, குண்டூசியும் இல்லை! அதே ஆண்டு மே முதல் நாள் டில்லியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 100க்கு மேற்பட்ட பள்ளிகள். அங்கும் புரளியே!

'புரளிதானே, போகட்டும்' என்பார் உண்டு. போகட்டுமா? பட்டறையில் நிற்கும் தோழருக்குச் செய்தி வருகிறது, மகள் படிக்கும் பள்ளியில் குண்டு என்று. போட்டது போட்டபடி ஓடுகிறார். அரைநாள் கூலி போயிற்று, அதுகூடப் பெரிதல்ல. பள்ளி வாயிலில், உள்ளேயிருந்து வரும் ஒவ்வொரு குழந்தையின் முகத்தையும் பார்த்துப் பார்த்து அவர் பட்ட பாட்டுக்கு யார் ஈடு தருவது? தனியார் பள்ளிதானே, பணக்காரர் பிள்ளைகள்தானே என்றும் எண்ணிவிடாதீர், தோழர்களே! வயிற்றைக் கட்டி, வளையலை அடகு வைத்து, நாம் அனுப்பும் பிள்ளைகளும் அங்கே உண்டு.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவு, கொல்வேன் என்று மிரட்டினால் ஏழாண்டு வரை சிறை என்கிறது. பெயரை மறைத்து மிரட்டினால் மேலும் இரண்டாண்டு வரை. ஆகவே, ஆயுள் தண்டனை கொடு என்று கூவுவோரோடு நாம் சேரப் போவதில்லை. ஆளைப் பிடிக்காவிட்டால் ஏழாண்டு ஏட்டில் இருந்து என்ன பயன்? அயல்நாட்டுக் கணினிகளுக்குப் பின்னே பதுங்குகிறவனைத் துரத்த, கணினி கற்ற காவலர் வேண்டும்.

பிடிபட்டவர் யார் என்பதையும் பாருங்கள். 2024 டிசம்பரில் டில்லியில் ஒரு பள்ளியை மிரட்டியவர்கள் அப்பள்ளி மாணவர்களே! உடன்பிறந்த இருவர், தேர்வு தள்ளிப் போகவேண்டுமாம்! அறிவுரை கூறி, எச்சரித்து அனுப்பினர் காவல்துறையினர். சரியே என்கிறோம். தேர்வுக்கு அஞ்சிய பையனைச் சிறையிலே தள்ளினால், எதற்கும் அஞ்சாதவனாக அல்லவா வெளியே வருவான்! அவனுக்கென்று இளைஞர் நீதிக் குழுமம் இருக்கிறது, அங்கே நிற்கட்டும்.

ஆனால், வளர்ந்தவன்? பழி தீர்க்கவும் பொழுது போக்கவும் பிஞ்சுகளின் உயிரைச் சொல்லி மிரட்டுகிறவன்? அவனை வெறும் அபராதத்தோடு அனுப்பிவிடவும் அந்த 351ஆம் பிரிவில் இடமிருக்கிறது! சிறை 'அல்லது' அபராதம் என்கிறது அது. பள்ளியை மிரட்டும் வழக்கில் அந்த 'அல்லது' எதற்கு? அதை எடுத்துவிட்டு, தேடுதலுக்கான செலவையும் அவனிடமே வாங்கு என்று, நாடாளுமன்றத்தில் நம் உறுப்பினர்கள் எழுந்து கேட்கட்டும்.