அரிய முயல் வாங்குமுன்

உடும்பஞ்சோலையின் குளிரைப் பார்த்ததும் முயல் வளர்க்கும் ஆசை வருவது இயல்பு. வெயில் 30 டிகிரியைத் தாண்டினால் தவித்துப்போகும் உயிர் அது. இந்த மலையில் அந்தக் கவலை குறைவு. ஆனாலும் அங்கோரா, ரெக்ஸ், தொங்கு காது முயல் என்று அரிய இனத்துக்குப் பெரும் விலை கொடுக்குமுன் யோசியுங்கள்.

இங்கே மழை மாதக்கணக்கில் விடாது. அந்த ஈரத்தில் அங்கோராவின் நீண்ட முடி சிக்குப் பிடிக்கும். விடாமல் சீவிவிட வேண்டும். ரெக்ஸின் பாதத்தில் முடி குட்டை. கம்பிவலைத் தரையில் நின்றே புண்ணாகிவிடும். தொங்கு காதுக்குள் காற்றுப் புகாது. மடலைத் தூக்கிப் பார்த்தால்தான் உள்ளே பொருக்குத் தட்டியிருப்பது தெரியும். ஏலத் தோட்டத்துப் புல்லையும் கண்ணை மூடிக்கொண்டு அறுத்துப் போட முடியாது, பூச்சிமருந்து பட்டிருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் இரத்த உறவு. முயலின் சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள்தான்; குட்டிகள் மளமளவென்று பெருகும். வேறு ஆண் கிடைக்காமல் கூடப்பிறந்தவற்றையே இணை சேர்த்துக்கொண்டிருந்தால், சில தலைமுறைகளில் நோஞ்சான் குட்டிகள்தான் மிஞ்சும்.

கொடைக்கானல் மலையில், மன்னவனூரில், மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. அங்கே வளர்க்கும் ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா இனங்களில் முதலில் கை பழகட்டும். ஒரு மழைக்காலத்தை அவற்றோடு கடந்து பாருங்கள். பிறகு, உறவில்லாத ஆண் முயல் கிடைக்க வழியிருந்தால் மட்டும் அரிய இனத்தை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.