தலையெழுத்தா, கையெழுத்தா?

இரு நாடுகள் பேசினால், மூன்றாம் நாட்டுத் தூதர் கவலை தெரிவிப்பது மரபாம்! அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் சீன நிறுவனத்திற்கு 99 ஆண்டுக் குத்தகையாயிற்று. டெல்லி கவலை கொண்டது. கொள்ளட்டும், குறை கூறோம்.

ஆனால், டெல்லியும் கொழும்பும் பேசி 1974இல் கச்சத்தீவை இலங்கைப் பக்கம் விட்டனவே! தமிழகச் சட்டமன்றம் வருந்தித் தீர்மானம் போட்டது, கேட்பாரில்லை. 1976 சனவரியில் அந்த ஆட்சியே கலைக்கப்பட்டது. மார்ச்சில் வங்கக் கடலிலும் கோடு கிழித்தனர். கோட்டுக்கப்பால் நம்மவர் மீன்பிடிக்கலாகாது என்று கடிதமும் மாற்றிக்கொண்டனர். மண்டபத்தூர் மீனவனுக்காக அன்று கவலை தெரிவித்த தூதர் யார்?

படகிழந்து சிறைப்பட்டவன் வீட்டார், "தலையெழுத்து" என்று அழுகின்றனர். இல்லை, தோழர்களே! இது தலையெழுத்தன்று, கையெழுத்து! மனிதன் இட்டதை மனிதன் மாற்றலாம். பேச்சு மேடையில் மீனவனுக்கும் இருக்கை வேண்டும். இதுவே நம் கோரிக்கை!