வால்வின் அளவும் கதிரின் அளவும்

முதுமையில் சுண்ணாம்பு படிந்து இறுகும் பெருநாடி வால்வை, நெஞ்சைத் திறக்காமல் இரத்தக் குழாய் வழியாகவே மாற்றலாம் என்று 2002இல் பிரான்சின் ரூவான் நகரில் அலன் கிரிபியே செய்து காட்டினார். திறந்த சத்திரசிகிச்சையில் வால்வு அமரும் வளையத்தை வைத்தியர் நேரில் பார்த்து அளப்பார். இம்முறையில் அந்த அளவைத் தருவது சி.ரி. ஸ்கான். வளையம் பெரும்பாலும் நீள்வட்டமாக இருப்பதால் ஒரு பக்கத்து அளவு போதாது. வால்வு சிறிதானால் ஓரத்தில் இரத்தம் கசியும், மிகப் பெரிதானால் வளையமே கிழியலாம். எனவே இந்த ஸ்கான் அவசியம். ஆனால், அதைத் தேவையான அளவுக் கதிரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அந்த அளவு நோயாளியின் அறிக்கையிலும் பதிவாக வேண்டும் என்பதே என் வாதம்.

கதிரைக் குறைக்க முடியும் என்பதற்குச் சான்று உண்டு. இதய நாடிகளைப் பார்க்கும் சி.ரி. ஸ்கானில் நோயாளி பெற்ற கதிர், 2007இல் 50 மையங்களில் நடந்த பன்னாட்டு ஆய்வில் ஏறத்தாழ 12 மில்லிசீவேட். பத்தாண்டுகளின் பின் நடந்த தொடர் ஆய்வில் அது 2.7 ஆகக் குறைந்திருந்தது. இயற்கையிலிருந்து உலக மனிதர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாகப் பெறுவது 2.4.

எண்பது வயதுக்காரருக்குப் பல ஆண்டு கழித்து வரக்கூடிய புற்றுநோயைப் பற்றி ஏன் கவலை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஆபத்துக் குறைந்த நோயாளிகளுக்கும் இச்சிகிச்சையை 2019இல் அமெரிக்கா அனுமதித்தது. அதனால் வயது குறைந்தவர்களும் இந்த ஸ்கானுக்கு வருகிறார்கள். முதியவருக்கும் இதில் நன்மை உண்டு. கதிரைக் குறைக்க எக்ஸ்-கதிர்க் குழாயின் மின்னழுத்தத்தைக் குறைத்தால் அயடீன் சாயம் படத்தில் கூடுதலாகத் துலங்கும், ஆகவே குறைந்த சாயமே போதும். சிறுநீரக நோய் வடமத்திய மாகாணத்தை வாட்டும் இலங்கையில் இது சிறு விடயமல்ல.

கதிர் குறைந்தால் படம் மங்கி அளவு பிழைக்கும் என்ற அச்சத்தையும் ஒதுக்க முடியாது. உடல் பருத்தவருக்குக் கூடுதல் கதிர் தேவைதான். ஆனால் இதயத் துடிப்போடு இசைத்துப் படமெடுக்கும், கதிர் கூடிய முறை வால்வுப் பகுதிக்கே வேண்டும், வால்வு செல்லும் வழியான, தொடை வரையுள்ள நாடிகளுக்கு வேண்டியதில்லை. மின்னழுத்தத்தை உடல் எடைக்கேற்பத் தெரிவுசெய்வதற்கும் புதிய இயந்திரம் தேவையில்லை, பயிற்சியும் ஒழுங்கும் போதும்.

2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் அணுசக்திச் சபையையும், தனியான ஒழுங்குபடுத்தல் பேரவையையும் நாட்டுக்குத் தந்தது. ஒருகொடவத்தையில் இயங்கும் சபை, கதிரோடு வேலை செய்யும் ஊழியர் பெறும் அளவைக் கண்காணிக்கிறது. ஊழியருக்குள்ள அந்தக் கவனம் நோயாளிக்கும் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்கானின் கதிர் அளவும் இயந்திரத்தின் திரையிலேயே வந்துவிடுகிறது. அதை அறிக்கையில் எழுதுவதைப் பேரவை கட்டாயமாக்கட்டும், வைத்தியசாலைகள் அந்த எண்களை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.