நம்பிக்கைச் சம்பளம்

சென்ற வாரம் நமது பள்ளிக்கூடத்தில் பந்தாட்டக் கோஷ்டிக்குப் பையன்களைப் பொறுக்கி எடுத்தார்கள். இடம் கிடைக்காத பையன் ஒருவன் நம்மிடம் வந்து, "முதல் கோஷ்டியில் சேராதவன் ஆடித்தான் என்ன பிரயோஜனம், ஸார்?" என்று கேட்டான். "போய்ப் படிப்பைப் பார்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். பதில் தெரியாதபோது உபாத்தியாயர்கள் சொல்லும் பதில் அதுதான் என்பதை நேயர்கள் அறிவார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. ஏனெனில், அதே கேள்வியைத் தினந்தோறும் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ளும் வாலிபர்கள் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் என்பது ஞாபகம் வந்தது.

அந்தத் தேசத்தில் பேஸ்பால் என்னும் ஆட்டம் வெகு பிரசித்தம். நமது கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம். மேஜர் லீக் எனப்படும் மேல் படியில் 30 கோஷ்டிகள். கோஷ்டிக்குச் சாதாரணமாக 26 பேர். ஆக மொத்தம் 780 இடங்கள். அதற்குக் கீழே, சின்னச் சின்ன ஊர்களில் எல்லாம் மைனர் லீக் கோஷ்டிகள் 120 இருக்கின்றன. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு மேலே போவோம் என்ற நம்பிக்கையுடன் அவற்றில் ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் ஒருநாளும் மேலே போவதில்லை.

ஜனங்கள் பார்ப்பது மாலை ஆட்டத்தை மட்டுமே. அதற்குப் பின்னால் நடக்கும் காரியங்களோ அநேகம். புதுப் பந்து வழவழவென்று கைக்கு அடங்காது. ஆகையால் நியூ ஜெர்ஸியில், டெலவேர் நதியின் கிளை ஒன்றின் கரையில் எடுத்த சேற்றை ஒவ்வொரு பந்திலும் தடவித் தேய்த்து வைக்க வேண்டும். மழை வந்துவிட்டால், டிக்கெட் விற்றவரும் கணக்கு எழுதியவரும்கூட ஓடி வந்து, பெரிய கித்தானை இழுத்து மைதானத்தை மூட வேண்டும். அடுத்த ஊரில் ஆட்டம் என்றால், மூட்டை முடிச்சுகளுடன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபடியே விடிய விடியப் பிரயாணம். 2021-ல் ஒரே ஊரில் ஒரு வாரத்துக்கு 6 ஆட்டங்கள், திங்கட்கிழமை ஓய்வு என்று ஏற்பாடு செய்த பிறகுதான் இந்த அலைச்சல் ஓரளவு குறைந்தது.

தங்குவதற்கோ, ஒரே வாடகை வீட்டில் பலர் நெருக்கியடித்துக்கொண்டு தரையில் படுத்த காலம் உண்டு. இரக்கமுள்ள உள்ளூர்க் குடும்பங்கள் சில, தங்கள் வீட்டில் ஓர் அறையைக் கொடுத்துச் சோறும் போட்டன. 2022 முதல்தான் பெரும்பாலான ஆட்டக்காரர்களுக்கு மேல் கோஷ்டிகளே ஜாகை கொடுத்து வருகின்றன.

சம்பளக் கதை இன்னும் விசித்திரமானது. முன்னெல்லாம் ஆட்டம் நடக்கும் மாதங்களுக்கு மட்டுமே சம்பளம். பயிற்சி மாதங்களுக்குக் கிடையாது. 2014-ல் ஆட்டக்காரர்கள் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கையில், 2018-ல், குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலிருந்து இவர்களை விலக்கி வைக்க ஒரு சட்டமே பிறந்தது! எனினும் அவர்கள் சளைக்கவில்லை. 2022-ல் 18 கோடியே 50 லட்சம் டாலர் கொடுப்பதாக வழக்கு ராஜியாயிற்று. அதே வருஷம் சங்கத்திலும் சேர்ந்தார்கள். 2023-ல் ஏற்பட்ட ஒப்பந்தத்தால், மைனர் லீகின் உச்சிப் படியில் வருஷத்துக்கு 17,500 டாலராக இருந்த குறைந்தபட்சச் சம்பளம் 35,800 ஆயிற்று. அடிப்படியில் 4,800 என்பது 19,800 ஆயிற்று.

அதுவரை மிச்சத்தை எதைக் கொண்டு ஈடு செய்தார்கள்? நம்பிக்கையைக் கொண்டுதான். "நாளைக்கு நீ பெரிய ஆளாகப் போகிறவன் அல்லவா?" என்று சொன்னால், இன்றைக்கு அரை வயிறு போதும் என்று இருந்துவிடுவான் வாலிபன். "உபாத்தியாயர் தொழில் புனிதமானது" என்ற வாக்கியத்தை அடிக்கடி கேட்டுப் பழகிய நமக்கு இந்த யுக்தி புரியாமல் போகுமா?

ஆனால் பையனுக்குச் சொல்லத் தகுந்த கதை வேறு ஒன்று உண்டு. 1981 ஏப்ரல் 18-ந் தேதி இரவு, ரோட் ஐலண்டு ராஜ்யத்திலுள்ள பாடக்கெட் என்னும் ஊரில், ரோச்செஸ்டர் கோஷ்டியுடன் ஓர் ஆட்டம். வழக்கமாக 9 இன்னிங்ஸில் முடிய வேண்டியது, வெற்றி தோல்வி இல்லாமல் நீண்டுகொண்டே போயிற்று. குளிர் தாங்காமல் ஆட்டக்காரர்கள் முறிந்த மட்டைகளைக் கொளுத்திக் குளிர் காய்ந்தார்கள். 32 இன்னிங்ஸ் ஆகி, விடியற்காலை 4 மணி தாண்டி ஆட்டத்தை நிறுத்தியபோது எஞ்சியிருந்த ரஸிகர்கள் 19 பேர்! மறுபடி ஜூன் 23-ந் தேதி கூடியபோது 18 நிமிஷத்தில் முடிந்தது. வெற்றி பாடக்கெட்டுக்கு.

அந்த ஆட்டத்தில் ஆடிய கால் ரிப்கென், வேட் பாக்ஸ் இருவரும் பின்னால் மேஜர் லீகில் மகா கீர்த்தி பெற்றார்கள். ஆனால் வெற்றி அடியை அடித்தவர் அவர்கள் அல்ல. டேவ் கோஸா என்பவர். அவர் மேஜர் லீகில் ஓர் ஆட்டமும் ஆடியதில்லை. ஆயினும் பேஸ்பால் தொழில் ஆட்டத்தின் சரித்திரத்திலேயே மிக நீண்ட ஆட்டத்தை முடித்து வைத்தவர் யார் என்று கேட்டால், அவர் பெயரைத்தான் சொல்லியாக வேண்டும்.

நாளைக்கு அந்தப் பையனைக் கூப்பிட்டு, கோஸாவின் கதையைச் சொல்லப்போகிறோம். 780 இடங்களின் கணக்கையும் ஒளிக்காமல் சொல்வோம். ஆசை இருந்தால் ஆடட்டும். ஆனால் அவனுடைய ஆசையையே கூலியாகக் கொடுக்க வருகிறவனிடம் மாத்திரம் ஜாக்கிரதையாக இருக்கட்டும்.

பிறகு, வேண்டுமானால், படிப்பையும் பார்க்கட்டும்.