கால்சட்டைக் கோயில்

கோயில் என்பது கல்லில் எழுதிய இறையியல். மேற்கத்தியக் கோயில்கள் பலவற்றின் வரைபடம் தரையில் படுக்கவைத்த சிலுவை. மக்கள் கூடும் நடுக்கூடத்துக்கு லத்தீனில் 'நாவிஸ்' என்று பெயர். கப்பல் என்று பொருள். எல்லாரும் ஒரே உடல், ஒரே கப்பல். கேட்க நல்லாத்தான் இருக்கு.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த திருக்குடும்ப ஆலயத்தில் கப்பல் இரண்டு. பீடத்திலிருந்து இரண்டு கூடங்கள் கவடுபோலப் பிரிகின்றன. நடுவில் சுவர். ஒரு பக்கம் பிள்ளைமார், மறுபக்கம் நாடார்களும் பிறரும். பீடத்தில் நிற்கும் சாமியாருக்கு இரண்டு பக்கமும் தெரியும். இந்தப் பக்கத்தவர் முகம் அந்தப் பக்கத்தவருக்குத் தெரியாது. பூசை ஒன்று, அப்பம் ஒன்று, தீட்டு மட்டும் படாது. 'கால்சட்டைக் கோயில்' என்று அதற்குப் பெயரே விழுந்தது.

இதைக் கட்டடக்கலை விநோதம் என்று படம் பிடித்துக்கொண்டு போக நம்மால் முடியாது. சாதி வேதத்தைத் தொடாத உலக வழக்கம் என்று சொன்னவர்கள்தான் அதற்குப் பீடம்வரை பாதை போட்டுக் கொடுத்தார்கள். பிரிவினைச் சுவரைக் கிறிஸ்து தகர்த்தார் என்கிறது எபேசியருக்கான மடல். அதை வாசித்த கோயிலிலேயே கொத்தனார் சுவர் வைத்தார்.

கௌசானல் சாமியார் காலத்தில், 1910இல், அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. பிள்ளைமார் கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை உயர்நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள். ஆனால் விழுந்தது சுவர்தான், வரைபடம் அல்ல.

வழிபாட்டில் ஆளுக்கும் வகுப்புக்கும் தனி மரியாதை கூடாது என்று 1963இல் வத்திக்கான் சங்கம் சொல்லியது. இந்திய ஆயர் பேரவையோ 2016இல்கூட, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டு கொள்கை ஏடு வெளியிட வேண்டியிருந்தது. 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்றும் அந்த ஏடே சொல்கிறது. பெரும்பான்மையாக இருப்பவர்கள் ஓரத்தில் நிற்கும் கோயிலுக்கு என்ன பெயர்?

வங்கியில் தடுப்புக்குப் பின்னால் பணம் எண்ணுகிறவன் நான். தடுப்பை எங்கே வைப்பது என்று வரிசையில் நிற்பவரை யாரும் கேட்பதில்லை.

மாணவத் தோழர்களே, கோபுர உயரத்தை அளந்தது போதும். யார் எங்கே உட்காருகிறார்கள், தேர் எந்தத் தெருவில் திரும்பிவிடுகிறது, கல்லறைத் தோட்டத்தில் எந்தப் பிணம் எந்த மூலைக்குப் போகிறது என்று குறித்து வாருங்கள். ஒவ்வொரு ஊர்க் கோயிலுக்கும் இன்னொரு வரைபடம் இருக்கிறது. அதை நாம் வரைந்து காட்டுவோம். இடிக்க வேண்டியது எது என்பது அதில்தான் தெரியும்.